தானாக நிற்காத கார்

போன கிழமை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய், போனில் ஒரு காரைக் கூப்பிட்டேன். பால் வெள்ளையில் ஒரு ஜப்பான் கார் வந்தது. ஏறி இருந்து, கதவைச் சாத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "தம்பி, இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லையோ?" என்று கேட்டேன்.

காரோட்டி வந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஸ்டார்ட்டிலதான் நிக்குது அன்ரி. முன்னால பஸ் எடுத்தால் போகலாம்."

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் உங்களிடம் ஒளிப்பானேன், சத்தம் இல்லாத காரில் எனக்கு நம்பிக்கையில்லை. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருக்காதவளுக்குக் காரைப் பற்றி இவ்வளவு அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு கார்பன் தாளின் வாசத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ரைப்பிங் சேட்டிபிக்கற்றோடும் இரண்டு சேலையோடும் வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் வேறு இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தேன். வேலை கிடைத்தது கொம்பனித்தெருவில், ஒரு மோட்டார்க் கொம்பனிக் கந்தோரில். மோட்டார்க் கொம்பனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கார் செய்கிற ஒரு பெரிய கொம்பனிக்கு இலங்கையில் ஏஜென்ற் என்று வாசலில் போர்ட் தொங்கியது. உள்ளே ஒரு காரும் இல்லை. இறக்குமதிக் கதவு திறந்துவிட்ட காலத்தில் ஆறு கார் கப்பலில் வந்திறங்கி, ஆறும் விற்றதாம். அதற்குள் ஜப்பான்காரன் சின்னச் சின்னக் கார்களை அனுப்பத் தொடங்கிவிட்டான். ஏழாவது அமெரிக்கன் கார் வரவே இல்லை. நான் சேர்ந்தபோது அங்கே விற்றது பற்றரியும், ரயரும், கண்ணாடி துடைக்கிற தடியும்.

கொம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் மனேஜர் குணநாயகம் சேர் அந்தப் பெயரைச் சொல்லும்போது கதிரையில் நிமிர்ந்து இருப்பார். அந்த மரியாதையை இந்த வயதில் நான் ஏன் கெடுக்க வேண்டும்?

குணநாயகம் சேர் அமெரிக்கா பார்த்ததில்லை. அவர் போன தூர இடம் நுவரெலியா. ஆனால் அந்தக் கொம்பனியின் சரித்திரம் முழுக்க அவருக்குப் பாடம். சுவரில் பெரிய மீசையோடு ஒரு கிழவரின் படம் தொங்கும், அவர்தான் தாபகர். கமக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பம்ப் செய்துகொண்டிருந்தவர். ஒரு நாள் அந்தப் பம்ப் மெஷினை ஒரு வண்டியில் பூட்டிப் பார்த்திருக்கிறார், வண்டி ஓடிவிட்டது. பிறகு பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மலையில் ஏறிக் காட்டியிருக்கிறார். மகன் தொழிற்சாலை கட்டினார், பேரன் பாலைவனத்தில் காரை ஓடவிட்டுச் சோதித்தார். இவ்வளவையும் நான் அறிந்ததற்குக் காரணம், என்னுடைய வேலையே இந்தச் சரித்திரத்தைத் திரும்பத் திரும்ப ரைப் செய்வதுதான். கார் வாங்கினவர்கள் முறைப்பாடு எழுதுவார்கள். சேர் பதில் சொல்லுவார். ஒவ்வொரு பதிலிலும் இரண்டாவது பந்தியில் மீசைக்காரர் மலையேறுவார்.

ஆறு பேரில் நாலு பேர் அலுத்துப்போய்க் காரை விற்றோ, நாட்டைவிட்டுப் போயோ ஒதுங்கிவிட்டார்கள். ஒரு டொக்டர் தன்னுடையதைக் கராஜுக்குள் விட்டுப் பூட்டி, திறப்பைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். மிஞ்சினவர் கொட்டாஞ்சேனை ராமலிங்கம்.

ராமலிங்கத்தார் கல்யாணக் கார் ஓட்டுகிறவர். அப்பா ராமநாதபுரத்தில் இருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மகன் இருந்ததெல்லாவற்றையும் விற்றுச் சுருட்டி, அந்த நீளமான வெள்ளைக் காரை வாங்கினார். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் அந்தக் காரில் ஏறாமல் கழுத்தில் தாலி ஏறினால் கல்யாணமே குறை என்று ஒரு காலம் இருந்ததாம். அந்தக் காருக்கு ஒரேயொரு குணம்: வேகமாகப் போனால் போகும். மெதுவாக ஊர்ந்தால் சூடேறி நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் திரும்ப ஓடும். கல்யாணக் கார் மெதுவாகத்தானே போக வேண்டும்?

நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் கடிதம் எழுதினார். நல்ல இங்கிலீஷ், வணக்கமான இங்கிலீஷ். 'தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், நேற்று ஆமர் வீதிச் சந்தியில் மணமகளோடு கார் நின்றுவிட்டது. மணமகளின் தாய்மாமன் தள்ளினார். அவருடைய பட்டு வேட்டி கிரீஸ் ஆகிவிட்டது.' அதற்குச் சேர் எழுதிய பதில்: எங்கள் கார் பாலைவனத்தில் சோதிக்கப்பட்டது, மணிக்கு இருபது மைலுக்குக் குறையாமல் ஓட்டினால் குறை எதுவும் தோன்றாது. அதற்கு அவர்: 'ஐயா, அந்த வேகத்தில் போனால் முன்னால் போகிற நாதஸ்வரக்காரர் மேலேயே ஏற வேண்டிவரும்.'

தபாலை நம்பாமல் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருவார். வாசலடி மர வாங்கில் உட்கார்ந்து, முந்தின நாள் கல்யாண வீட்டு லட்டுப் பையையும் என்னுடைய மேசையில் வைப்பார்.

"ஐயாகிட்ட குடுத்துருங்க மிஸ். அவசரமில்லீங்க. எப்படியும் அடுத்த முகூர்த்தத்துல நிக்கும்."

அவர் படியிறங்கின பிறகுதான் சேரின் அறைக் கதவு திறக்கும். "போயிட்டாரோ பிள்ளை?" "ஓம் சேர்." சேர் ஒரு லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே பதில் சொல்லத் தொடங்குவார். நான் சேர்ந்த முதல் மூன்று வருசத்திலும் அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. அதற்கு முந்தின எட்டு வருசமும் அப்படித்தானாம்.

கடைசியாகப் போன பதிலில் ஒரு வசனம் இருந்தது. 'இவ்வாகனம் தானாக நிற்கும் தன்மையுடையதன்று. அது எங்கே நின்றாலும் ஓட்டுநர் நிறுத்தியதாலேயே நின்றதென்று கொள்ளவேண்டும்.' சொல்லி முடித்ததும் சேர் அதை இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு பிழையும் இல்லாமல் அடித்து, வழக்கம்போலக் கீழே இடது மூலையில் அவருடைய பெயரின் முதலெழுத்துக்களையும், ஒரு கோடு போட்டு என்னுடைய இரண்டு எழுத்தையும் போட்டேன். ரைப் செய்தவரின் எழுத்து இருக்க வேண்டும் என்பது கந்தோர் முறை. அந்த இரண்டு எழுத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அது என்ன காலம் என்று உங்களுக்குத் தெரியும், சண்டைக் காலம். காலி வீதியில் காலடிக்கு ஒரு செக்பொயின்ற். எங்கேயாவது ஒரு வாகனம் தனியாக நின்றால், குண்டோ என்று வீதியே ஒதுங்கி ஓடும். பஸ்ஸில் என்னுடைய அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போவேன், பையில் தேடுகிற நேரம்கூட ஒரு சந்தேகம் என்பதால்.

ஒரு திங்கட்கிழமை காலை கந்தோர் திறந்து சற்று நேரத்தில் ஒரு பெண் ஏறி வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

"நான் ராமலிங்கம் வீட்டுக்காரிங்க. அவர புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். முதல் நாள் வெள்ளவத்தையில் ஒரு மாப்பிள்ளையை ஏற்றக் காரில் தனியாகப் போயிருக்கிறார் ராமலிங்கத்தார். காலி வீதியில், ஒரு மந்திரி வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் செக்பொயின்ற். நீளமான வரிசை, உச்சி வெயில், கார் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சரியாக அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறது. எடு எடு என்று ஆமிக்காரர்கள் கத்த, இவர் பழக்கதோஷத்தில் இறங்கிப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்திருக்கிறார், ஈரத்துணி எடுக்க. அவ்வளவுதான். வீதியெல்லாம் படுத்துவிட்டது. காரில் பூமாலையையும் தண்ணீர்க் கானையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் டாஷ்போர்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது.

"கார் ஆறுறவரைக்கும் உங்க லெட்டரத்தான் எடுத்துப் படிச்சிக்கிட்டிருப்பாரு. அதுல, வண்டி தானா நிக்காது, ஓட்டுறவன்தான் நிறுத்துனான்னு எழுதியிருக்காம். அதத்தான் காட்டிக் காட்டி அடிக்கிறாங்களாம். எதுக்கு அந்த எடத்துல நிறுத்துனேன்னு."

மாப்பிள்ளை ஓட்டோவில் போய்த் தாலி கட்டிவிட்டாராம். அதையும் சொன்னார், அந்த நேரத்தில் அதுவும் ஒரு கவலை.

அந்தக் காலத்தில் இப்படிக் கொண்டுபோனவர்கள் சிலர் இரண்டு நாளில் வருவார்கள், சிலர் இரண்டு வருசத்தில். என் மனதில் முதலில் வந்தது ராமலிங்கத்தார் அல்ல, அந்தக் கடிதத்தின் மூலையில் இருந்த என்னுடைய இரண்டு எழுத்துத்தான். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சேர் கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே வந்தார். "நீங்கள் இருங்கோ அம்மா," என்றார். பிறகு என்னிடம், "கார் நிக்கும் எண்டு நாங்கள் எழுதிக் குடுக்கிறதெண்டால் அமெரிக்காவைக் கேக்க வேணும் பிள்ளை. கேக்காமல் எழுதினால் ஏஜென்சி போயிடும்."

"அவை பதில் போட எத்தினை நாள் செல்லும் சேர்?"

அவர் மீசைக்காரரின் படத்தைப் பார்த்தார். பதினொரு வருசமாக அவர்களிடமிருந்து வந்தது கலண்டர் மட்டும்தான்.

நான் மெஷினில் தாளைப் பூட்டினேன். கார்பனும் வைத்தேன். சேர் அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "'மேற்படி வாகனம் சில வேளைகளில் தயக்கம் காட்டியதாக அறியப்படுகிறது.'"

நான் அடிக்கவில்லை. "தயக்கம் எண்டு எழுதினால் அவரை விடமாட்டினம் சேர்."

"அப்ப என்னெண்டு எழுதிறது?"

"நிண்டுபோகும் எண்டு எழுதுங்கோ."

"வேறை நல்ல சொல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை சேர்."

ராமலிங்கத்தாரின் மனைவி பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே எங்கள் கடிதங்கள். பதினொரு வருசமும், திகதி வரிசையாக. சேர் மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார், தன்னுடைய கையெழுத்தைத்தான் பார்த்திருப்பார். பிறகு சொன்னார், நான் அடித்தேன். இந்தக் கார் மெதுவாக ஓடினால் சூடேறி நின்றுபோகும். இதை நாங்கள் ஆரம்பத்திலிருந்தே அறிவோம். அறிந்தும் மறுத்து எழுதினோம். மீசைக்காரர் இல்லாமல் போன முதல் கடிதம் அது.

மூன்று பேரும் பொலிசுக்குப் போனோம். சேர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர், தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பழைய கடிதத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். இங்கிலீஷில் கேட்டார்.

"இரண்டிலும் உங்கள் கையெழுத்து. எது பொய்?"

சேர் பழைய கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். "முதலாவது."

"ஏன் பொய் எழுதினீர்கள்?"

"அது என்னுடைய வேலை."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டார். "நங்கி, நீ சொல். அந்தக் கார் நிற்குமா, நிற்காதா?"

"நிற்கும் சேர்," என்றேன்.

வாருங்கள் பார்ப்போம் என்று முற்றத்துக்குக் கூட்டிப்போனார். கார் ஒரு மரத்தின் கீழ் நின்றது, மல்லிகை மாலை கருகித் தொங்கியது. ராமலிங்கத்தாரையும் கொண்டுவந்தார்கள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கன்னம் வீங்கியிருந்தது. மனைவியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் ஏறித் திறப்பைத் திருப்பினார். கார் முதல் திருப்பிலேயே பிடித்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். கொன்ஸ்தாபிள்மார் சிரித்தார்கள். பாலைவனத்தில் சோதித்த கார் என்று சேர் எழுதியதெல்லாம் உண்மையோ என்று எனக்கே ஒரு கணம் வந்துவிட்டது.

"ராத்திரி முழுக்க ஆறியிருக்குதுங்க," என்றார் ராமலிங்கத்தார். பிறகு சிங்களத்தில் நிதானமாக விளக்கினார்: வரிசையில் விட்டுப் பாருங்கள் மாத்தயா, வெயிலில், அதே இடத்தில். பெற்றோல் போகிற குழாயில் சூடேற வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கும் அவ்வளவு பெரிய காரை ஓட்டுவதில் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். எல்லாரையும் ஏறச் சொன்னார். முன்னால் அவரும் ஒரு கொன்ஸ்தாபிளும், நடுவில் ராமலிங்கத்தாரும். பின்னால் சேர், நான், ராமலிங்கத்தாரின் மனைவி. வாழ்க்கையில் முதன்முதலாகக் கல்யாணக் காரில் ஏறினேன். அதற்குப் பிறகும் ஏறவில்லை, அது வேறு கதை.

மத்தியான வரிசை. கார் ஊர்ந்தது. பட்டுப்போல ஊர்ந்தது. வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன், கார் பழுதாக வேண்டும் என்று. பக்கத்தில் சேரின் உதடும் அசைந்தது. தடுப்புக்கு முன்னால் பத்து வாகனம், பிறகு ஆறு, பிறகு மூன்று. கார் நல்ல சுகத்தோடு போய்க்கொண்டிருந்தது. ராமலிங்கத்தார் திரும்பிப் பார்க்காமல் இருந்தார், அவருடைய கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது. முன்னால் ஒரே ஒரு லொறி.

அப்போது கார் ஒரு தரம் இருமியது. பிறகு மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம். நின்றது.

இன்ஸ்பெக்டர் திறப்பைத் திருப்பினார், திருப்பினார், திருப்பினார். பின்னால் ஹோர்ன் சத்தம். ஒரு ஆமிக்காரர் துவக்கோடு ஓடிவந்து, சீருடையைக் கண்டு திகைத்து, சலியூட் அடித்துவிட்டு, இருந்தாலும் எடுக்கத்தான் வேணும் சேர் என்றார்.

"நிண்டிட்டுது!" என்று கத்தினார் குணநாயகம் சேர். அப்படி ஒரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. "நிண்டிட்டுது பிள்ளை! பார், நிண்டிட்டுது!"

"ஹரி, ஹரி," என்றார் இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு. சரி, போதும் என்று அர்த்தம். பிறகு எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சேரும் தள்ளினார், ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு.

அன்று பின்னேரமே ராமலிங்கத்தாரை விட்டார்கள். காரை விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்கள். "வச்சிக்கட்டும்," என்றார் அவர். பொலிசுக்கு முன்னால் இருந்த கடையில் நாலு பேரும் தேத்தண்ணி குடித்தோம். வீங்கின கன்னத்தில் கிளாஸைப் படாமல் பிடித்துக் குடித்தார். சேர் ஏதோ சொல்லத் தொடங்கி, "நான் அந்தக் கடிதம்..." என்று நிறுத்தினார்.

"அத விடுங்க. புதுசா எழுதுனீங்களே, அதுல ஒரு காப்பி கெடைக்குங்களா? பதினொரு வருசமா அந்த ஒரு லெட்டருக்குத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

கார்பன் பிரதி என் பையில் இருந்தது. கொடுத்தேன். வாசித்தார், மடித்தார், சேட்டுப் பையில் வைத்தார். பிறகு சேருக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.

சேர் நேர்மையாக இன்னொரு பிரதியை அமெரிக்காவுக்கும் அனுப்பினார். ஏஜென்சி பறிபோகும் என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். பதில் வந்தது. எங்கள் கொம்பனியில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் சரித்திரத்தின் புதிய பதிப்பை இத்துடன் இணைத்துள்ளோம்.

ஆனால் ராமலிங்கத்தார் கந்தோருக்கு வருவதை நிறுத்தவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்து வாங்கில் இருந்தார். லட்டு இல்லை.

"மிஸ், ஒரு லெட்டர் அடிச்சுத் தரணும். வண்டிக்கு இல்லீங்க."

அடைத்து வைத்திருந்த இடத்தில் அவரோடு ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார். வவுனியாப் பக்கம், கணக்குப் படிப்பிக்கிறவர். கண் டொக்டரிடம் காட்டக் கொழும்புக்கு வந்தவரை லொட்ஜில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். வலியில் இவருக்கு நித்திரை வராமல் இருந்தபோது தான் உடுத்திருந்த சாரத்தையே அவிழ்த்து மடித்துத் தலைக்கு வைக்கக் கொடுத்தாராம். "நான் வெளிய வர்றப்ப, பாத்து எழுதுங்கன்னாரு. எனக்காவது நீங்க இருந்தீங்க. அவருக்காக யாரு எழுதுறது?"

சேரின் அறைக் கதவு திறந்தது. இந்த முறை அவர் வெளியே வந்து வாங்கில் ராமலிங்கத்தாருக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பெயர், ஊர், வயது, பிடித்த இடம். பொலிசுக்கு, அமைச்சுக்கு, ஆணைக்குழுவுக்கு, பாதிரியார் ஒருவருக்கு. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. சில இடங்களில் இருந்து பதிலும் வந்தது. அப்படி ஒருவர் எங்கள் பொறுப்பில் ஒருபோதும் இருக்கவில்லை என்று, நல்ல இங்கிலீஷில். சேர் அந்தப் பதில்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் நெடுநேரம் இருப்பார். கீழே மூலையில் யாரோ ஒரு பெண்ணின் இரண்டு எழுத்து இருக்கும்.

நான் வங்கியொன்றில் வேலை கிடைத்துப் போகும்வரை அடித்தேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போய் அடித்துக்கொடுத்தேன். பிறகு சேர் கனடாவில் மகனிடம் போனார், அங்கேயே காலமானார். ராமலிங்கத்தாரும் மனைவியும் திருச்சிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கந்தோர் இருந்த கட்டடம் இல்லை, அது நின்ற ஒழுங்கையே இல்லை, கண்ணாடி மாளிகை ஒன்று நிற்கிறது. செக்பொயின்ற் இருந்த சந்தியில் பூச்செடி நட்டிருக்கிறார்கள். பொலிஸ் முற்றத்தில் அந்தக் கார் வருசக்கணக்காக நின்று, சில்லுகள் மண்ணுக்குள் இறங்கி, கண்ணாடியெல்லாம் கொடி படர்ந்து, ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் அதுவும் இல்லை.

வாத்தியாரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஐந்தடி ஆறங்குலம், மாநிறம், இடது புருவத்தின் மேல் தழும்பு, மூக்குக் கண்ணாடி, அதன் ஒரு காம்பு நூலால் கட்டியது, பிடிபட்டபோது உடுத்திருந்தது நீலக் கட்டம் போட்ட சாரம். எத்தனை தரம் அடித்திருப்பேனோ, இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நான் அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை.